வியட்நாமுக்குப் போட்ட கணக்கு

நோட்டில் முதல் வரியாக விமான டிக்கெட் என்றுதான் எழுதினேன். சென்னையிலிருந்து ஹனோய், ஒரு வழி, பத்தொன்பதாயிரம். அதை எழுதி முடித்தபோது பாதி தூரம் போய்விட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. வெளிநாடு போகிறவளுக்கு டிக்கெட்தான் சின்னச் செலவு என்பது அப்போது தெரியாது.

மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஏழு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். எம்.ஏ., பி.எட். மாசம் பன்னிரண்டாயிரம். அப்பா மரக்காணம் உப்பளத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உப்பு போடுகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள், அது இல்லாத நாளில் அப்பாவோடு அளத்தில் நிற்பாள். நான் ஒரே பெண். முப்பது முடிந்திருந்தது. இரண்டு சம்பந்தம் வந்து நகைப் பேச்சில் நின்றுபோயிருந்தன. மூன்றாவது வரவில்லை என்பதில் வீட்டில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லை.

ஆசை வந்தது பாண்டிச்சேரி பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடையஞ்சாவடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலையாட்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போவேன். சமையல்காரர், தோட்டக்காரர், துணி துவைக்கிற அக்கா என்று ஏழு பேர். மாசம் மூவாயிரம் கிடைக்கும். ஒருநாள் அங்கே தங்கியிருந்த போலந்துப் பெண் ஒருத்தி வாசலில் நின்று என் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வந்து பேசினாள். வியட்நாமில் ஒரு இங்கிலீஷ் சென்டரில் டீச்சராம், லீவுக்கு வந்திருக்கிறாளாம். பத்து நிமிஷப் பேச்சில் மூன்று இடத்தில் இலக்கணம் தப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினால் நான் சிவப்பு மையில் சுழிக்கிற தப்பு. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். நம் பணத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரும் என்று செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். நீ என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாய், நீயும் வரலாமே என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கோ பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து மரக்காணத்தில் இறங்கும்வரை வயிறு எரிந்துகொண்டே வந்தது. ஊரில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

ஒவ்வொரு வாரமும் நோட்டில் வரிகள் கூடின. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தகுதி என்று ஆன்லைனில் ஒரு சர்டிஃபிகேட், பதினெட்டாயிரம். ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்தது அங்கே தகுதி இல்லை. டிகிரி உண்மையானதுதான் என்று சென்னையிலும் டெல்லியிலும் தூதரகத்திலும் முத்திரை வாங்க ஏஜென்சிக்கு இருபத்திநாலாயிரம். நான் குற்றவாளி இல்லை என்று போலீஸ் எழுதிக்கொடுக்க, எனக்குச் சீக்கு இல்லை என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி எழுதிக்கொடுக்க, விசாவுக்கு, வடக்கு வியட்நாமில் டிசம்பர் ஜனவரியில் குளிரும் என்பதால் ஒரு ஸ்வெட்டருக்கு, ஷூவுக்கு. அப்புறம் பெரிய வரிகள். அங்கே வீட்டுக்கு அட்வான்ஸும் முதல் மாச வாடகையும். முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. ஏதாவது தப்பாகிவிட்டால் திரும்பி வர ஒரு டிக்கெட். அந்தக் கடைசி வரியையும் விடாமல் எழுதினேன். பொறுப்பானவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை.

எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம். என்னிடம் இருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஏழு வருஷ சேமிப்பு. மீதி ஒன்றரை லட்சத்துக்கு எதிரே நான் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.

செப்டம்பரில் வேலை கிடைத்தது. அந்த இன்டர்வியூவை எங்கள் வீட்டு நடு அறையில் இருந்தபடி செல்போனில் கொடுத்தேன். ஸ்டீல் பீரோ தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டேன். அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு, கோழி கத்தக்கூடாது என்று கூடையைப் போட்டு மூடிவைத்து, தானும் சமையல்கட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த மேனேஜர் அம்மாள் என் வயதுதான் இருப்பாள். நான் ஒரு பாடம் நடத்திக் காட்டினேன். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டாள், உங்கள் உச்சரிப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா, பெற்றோர்கள் வெள்ளைக்கார டீச்சரைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று. முடியும் என்றேன். சம்பளம் எழுபத்தைந்தாயிரம் என்றாள். போலந்துப் பெண்ணுக்கு ஒரு லட்சத்து முப்பது. நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும் என்று இரண்டு நாளில் கடிதம் வந்தது. அம்மா அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். ஒரு வாரத்துக்குள் நூறு நாள் வேலைக்கு வருகிற எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

பள்ளியில் சொல்லப் போனேன். எங்கள் கரஸ்பாண்டன்ட் டீச்சர்களின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார். நடு வருஷத்தில் யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. முத்திரை வாங்க ஏஜென்சிக்கு ஒரிஜினல் வேண்டும், அதுவும் உடனே.

"மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். இல்லாட்டி மூணு மாச சம்பளம் கட்டணும். சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா" என்றார்.

"சார், ஏழு வருஷம் இங்கதான் இருந்திருக்கேன்."

"அதான்மா எனக்கும் கஷ்டமா இருக்குது" என்றார். உண்மையிலேயே கஷ்டப்படுகிற முகம்தான் அது. நோட்டில் திரும்பி வருகிற டிக்கெட்டை அடித்து, சாப்பாட்டுத் தொகையைக் குறைத்து, முப்பத்தாறாயிரம் கட்டினேன். ரசீது கேட்டதற்கு டொனேஷன் என்று எழுதிக் கொடுத்தார். அக்டோபர் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டேன். பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு பேனாவும் குடையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

மீதி ஒன்றரை லட்சத்துக்குப் பதில் எனக்கு அளத்து மேட்டில் கிடைத்தது.

அந்த வருஷம் வெயில் நன்றாக அடித்திருந்தது. கூலிக்கும் வீட்டுக்குமாக இடையில் கொஞ்சம் விற்றது போக, பாத்தி ஓரத்து மேட்டில் எங்களுடையதாக ஐந்து அம்பாரம் நின்றது. அம்பாரம் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் குவித்த உப்பு. அப்பா கண்ணால் பார்த்தே எழுபத்தைந்து டன் என்றார். அக்டோபரில் மழை தொடங்குவதற்குள் விற்றுவிடுவது அவர் வழக்கம். வியாபாரி டன் மூவாயிரம் என்று கேட்டிருந்தான். மழைக்காலத்தில் உப்புப் போட முடியாது என்பதால் டிசம்பரில் விலை ஏறும். முந்தைய மூன்று வருஷ விலையை அப்பாவின் பழைய சீட்டுகளிலிருந்து எடுத்து வரிசையாக எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் ஐந்தாயிரம் பக்கம் போயிருந்தது. டன்னுக்கு இரண்டாயிரம் கூடுதல், எழுபத்தைந்து டன். சரியாக ஒன்றரை லட்சம். பெருக்கிப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ எனக்காகவே வைத்திருந்த தொகை மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். அப்பா கடைசிப் பாத்தியை வாரி முடித்துவிட்டு வரப்பில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உப்பு வாருகிற இரண்டு அக்காக்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லாரி நாளன்னிக்கி வருதும்மா. அஞ்சையும் தள்ளிடலாம்னு இருக்கேன்" என்றார்.

நோட்டைக் காட்டினேன். விலை எழுதின பக்கத்தை, பெருக்கின பக்கத்தை, கேள்விக்குறி இருந்த இடத்தில் இப்போது எழுதியிருந்த தொகையை. அப்பா ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"மேட்டுல வெச்சிருந்தா மழை வருமேம்மா."

"தார்ப்பாய்க்கு நாலாயிரம் போட்டிருக்கேன்ப்பா. இங்க பாரு. கயிறு, மணல் மூட்டை எல்லாம் சேத்து."

"கொஞ்சம் வித்துட்டுக் கொஞ்சம் வெச்சுக்கலாமா? ரெண்டு அம்பாரம் வெச்சுக்குவோம்."

அந்த யோசனையை நான் கேட்டிருக்கலாம். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். இரண்டு அம்பாரம் வைத்தால் அறுபதாயிரம்தான் வரும், என் கணக்கு நிற்காது என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு போதாதுப்பா. அஞ்சும் இருந்தாத்தான் சரியா வரும். ரெண்டே மாசம்தான். நான் அங்கிருந்து முதல் சம்பளத்துலயே உனக்கு அனுப்பிடுவேன்."

அப்பா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். அப்புறம் அக்காக்களில் பெரியவரைப் பார்த்து, "ஏம்மா, கூலியை டிசம்பர்ல சேத்து வாங்கிக்கறீங்களா? உப்பை நிறுத்தி வெக்கலாம்னு பாக்கறோம். பாப்பா வெளிநாடு போவுது" என்றார்.

"பாப்பா போறதுக்குன்னா வெச்சுக்கோங்க. எங்க போவப் போவுது கூலி" என்றார் அந்த அக்கா. நாற்பது நாள் கூலி, ஒருத்தருக்குப் பதினாறாயிரம். அது என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்பா வியாபாரிக்குப் போன் செய்து லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தார்ப்பாய் வாங்கி வந்து மூன்று பேருமாகக் கட்டினோம். நீலத் தார்ப்பாய். நவம்பரில் இரண்டு தடவை மழை வந்தது. போய்ப் பார்த்தோம், உள்ளே உப்பு காய்ந்த மாதிரியே இருந்தது. விலை நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. "நீ சொன்ன மாதிரிதான் ஏறுது" என்று அப்பா சிரித்தார். அவர் என் மேல் வைத்த நம்பிக்கை எனக்கு அந்த ஒரு மாசம் முழுக்க இனித்தது. முத்திரைகள் எல்லாம் பதிந்து டிகிரி சர்டிஃபிகேட் கூரியரில் திரும்பி வந்திருந்தது. கண்ணாடி முன் நின்று உச்சரிப்பை மாற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் புயல். டி.வி.யில் எங்கள் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முந்தின நாள் அப்பாவும் நானும் போய் இன்னும் இருபது மணல் மூட்டை அடுக்கிவிட்டு வந்தோம். காற்று வரும், தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போகும், அதைத்தான் தடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அடியிலிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா நினைத்தாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை பகல் முழுக்கவும் அடுத்த நாளும் மழை விடவே இல்லை. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். அளத்துக்குத் திரும்புகிற மதகுக்கு வந்து நின்றபோது எதிரே கடல் மாதிரி இருந்தது. பாத்தி இல்லை, வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை. பக்கத்துக் கழுவெளிச் சதுப்பின் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி ஒரே பழுப்பாக நின்றது. மற்ற அளத்துக்காரர்களும் மதகில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் விற்றுவிட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் போனது பாத்தியும் மோட்டாரும். மேட்டில் முழு வருஷத்தையும் வைத்திருந்தவர்கள் நாங்களும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான்.

எங்கள் மேடு இருக்க வேண்டிய திசையில் நீலமாக ஐந்து புள்ளி தெரிந்தது.

"இருக்குதுப்பா, தார்ப்பாய் இருக்குது" என்று கத்தினேன்.

அப்பா மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் இடுப்பளவுக்குத் தண்ணீர் இறங்கி உள்ளே நடக்க முடிந்தது. பாதை தெரியாமல் காலால் தடவித் தடவிப் போனோம். தார்ப்பாய்கள் மணல் மூட்டையோடு அப்படியே இருந்தன. நான் கட்டின முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. முதல் அம்பாரத்தின் தார்ப்பாயை அப்பா தூக்கினார். கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு சேற்றுக் குவியல். சாம்பல் நிறத்தில், பல்லாங்குழி மாதிரி ஓட்டை ஓட்டையாக. அப்பா கையை விட்டு அள்ளினார். விரல் இடுக்கில் வழிந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அப்படித்தான். ஐந்தாவதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மொத்தமாகச் சுரண்டினால் நாலு டன் தேறும், அதுவும் சமையலுக்கு ஆகாது, தோல் பதனிடுகிறவர்கள் வேண்டுமானால் எடுப்பார்கள் என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரல்.

நான் தண்ணீரில் நின்றுகொண்டே அழுதேன். "நீ ரெண்டு வெச்சுக்கலாம்னு சொன்னியேப்பா. நான்தான்..."

"புயல் வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே. கால் வழுக்கும், பாத்து வா" என்று முன்னால் நடந்தார்.

அம்மாதான் சொன்னாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அடுப்பைப் பற்றவைக்க விறகு ஈரமாக இருந்தது, ஊதி ஊதிப் பார்த்துவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நோட்டுல எழுதினா உப்பு நிக்குமாடி? அந்த மனுசன் இருபத்தஞ்சு வருசமா அளத்துல நிக்கறான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"ஏய், நிறுத்து" என்றார் அப்பா. அம்மா நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் வரவில்லை. அம்மா தொடர்ந்து திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், சண்டை வந்திருக்கும், அது ஒருநாள் முடிந்தும் போயிருக்கும்.

வியட்நாம் சென்டருக்கு ஒரு மெயில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாக எழுதிய இங்கிலீஷ் அதுதான். புயல், குடும்பத்துக்கு நஷ்டம், மார்ச்சில் சேர அனுமதிக்க முடியுமா, முடிந்தால் டிக்கெட் செலவை முன்பணமாகத் தந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியுமா. கெஞ்சுகிற மாதிரி இருக்கக் கூடாது என்று ஆறு தடவை திருத்தினேன். ஒரு நாளில் பதில் வந்தது. நாலே வரி. உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம், பாடத் தவணை ஜனவரியில் தொடங்குவதால் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம், வாழ்த்துக்கள். நாலு வரியிலும் ஒரு தப்புகூட இல்லை.

டிசம்பர் நடுவில் உப்பு டன் எட்டாயிரத்துக்குப் போனது. யாரிடமும் உப்பு இல்லை, அதனால். அப்பா அதைத் தெருமுனை டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். நான் உள்ளே இருந்தேன். எட்டை எழுபத்தைந்தால் என் மனசு தானாகவே பெருக்கியது. ஆறு லட்சம். பெருக்காதே என்று என்னால் அதை நிறுத்த முடியவில்லை.

அந்த வாரம்தான் உப்பு வாருகிற பெரிய அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது, தெரியும். கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"பாப்பா எப்ப கெளம்புது?" என்றார் அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். சர்டிஃபிகேட்டுக்கும் முத்திரைக்கும் பள்ளிக்கும் கட்டினது போக முப்பத்திரண்டாயிரத்துச் சில்லறை இருந்தது. இரண்டு பேர் கூலி முப்பத்திரண்டாயிரம். மறுநாள் எடுத்துக்கொண்டு போய் இருவர் வீட்டிலும் கொடுத்தேன். பெரிய அக்கா வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீ போறதுக்கு வெச்சிருந்தது இல்ல இது?" என்றார். போகலக்கா என்றேன். அப்புறம்தான் வாங்கினார். வாங்கிவிட்டு, எண்ணிப் பார்க்காமல், என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. சீக்கிரம் அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது.

பொங்கலுக்கு அப்புறம் மற்றவர்கள் அளத்தைச் சீர்செய்ய ஆரம்பித்தார்கள். வண்டலை வாரி எடுக்க வேண்டும், வரப்பு போட வேண்டும், பாத்தியை மிதித்து இறுக்க வேண்டும், மோட்டார் புதிதாக வாங்க வேண்டும். அப்பாவிடம் அதற்கு எதுவும் இல்லை. கிளியனூரில் இருக்கிற நிலக்காரர் பிப்ரவரி வரை பொறுத்தார். அப்புறம் இறால் குஞ்சு வியாபாரம் செய்கிற ஒருவருக்கு அந்த மூன்று ஏக்கரையும் விடப் போவதாகச் சொல்லி, அப்பா குத்தகையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துக் கேட்டு முத்திரைத் தாள் கொடுத்தனுப்பினார். இங்கிலீஷில் இருந்தது.

"என்ன எழுதியிருக்குதுன்னு பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார் அப்பா.

மூன்று பக்கம். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். மேற்படி நிலத்தின் மீது எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இனி இல்லை என்ற இடம் வந்தபோது அதை லேசாகச் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

"இருபத்தஞ்சு வருசம்னு எங்கயாவது போட்டிருக்கானா?" என்றார்.

"இல்லப்பா."

"சரி" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மார்ச்சிலிருந்து அடுத்த மேட்டுக்காரர் அளத்தில் கூலிக்குப் போகிறார். எங்களுக்கு உப்பு வாரின அதே அக்காக்களோடு, அதே கூலிக்கு. காலையில் நாலு மணிக்குத் தூக்குவாளியோடு அவர் கிளம்புகிற சத்தம் கேட்கும். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். எழுந்து போய் டீ போட்டுத் தரலாம். முதலில் சில நாள் தந்தேன். அவர் என்னோடு பேச எதையாவது தேடுவது பார்க்க முடியாமல் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

ஜனவரியிலேயே பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். ஜூனில் வாருங்கள் என்றார் கரஸ்பாண்டன்ட். வேறு மூன்று பள்ளியில் கேட்டேன், நடு வருஷத்தில் எங்கும் இல்லை. இடையஞ்சாவடி வகுப்பையும் வெளிநாடு போகிறேன் என்று சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன். அங்கே திரும்பப் போய் நிற்க மனசு வரவில்லை. ஜூன்வரை தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பாதிப் பேர் பணம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புயல் எல்லார் வீட்டுக்கும்தான் வந்தது.

ஜூனில் மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். மேல் வகுப்பு கிடையாது. சம்பளம் ஒன்பதாயிரம், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதுதானாம்.

"ஒரிஜினல் கொண்டாந்தீங்களா?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

கொடுத்தேன். டிகிரி சர்டிஃபிகேட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க முத்திரையும் ஸ்டிக்கரும் கையெழுத்தும். தூதரகத்தின் சிவப்பு முத்திரை ஒன்று பெரிதாக நடுவில்.

"என்னம்மா இது, பின்னாடி இவ்ளோ குத்தி வெச்சிருக்காங்க?"

"வெளிநாட்டுக்கு சார்."

"ஓ" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ. "பரவால்ல விடுங்க. நம்ம ஊருக்கு என்ன குறைச்சல்?" என்றபடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்றாம் வகுப்பில் நாற்பத்தியிரண்டு பிள்ளைகள். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் சந்தேகம் இல்லை. கண்ணாடி முன் பழகின உச்சரிப்பு சில சமயம் தானாக வந்துவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா சாமி படத்துக்குக் கீழே இருந்த கடிதத்தை எப்போது எடுத்தாள் என்று தெரியாது. ஒருநாள் பார்த்தபோது இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை எரிக்க வேண்டும் என்று தோன்றியதில்லை, திறக்கவும் இல்லை.

போன வாரம் அப்பா அளத்திலிருந்து வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உப்பு அறுத்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். தலையைத் தூக்காமல் கேட்டார், இவ்வளவு நாளில் முதல் தடவையாக.

"அந்த ஊர்ல இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்மா?"

அன்று காலையில்தான் அந்த சென்டரிலிருந்து மெயில் வந்திருந்தது. எனக்கென்று எழுதினதில்லை, முன்பு விண்ணப்பித்த எல்லாருக்கும் போட்டது. அடுத்த தவணைக்கு டீச்சர் வேண்டும், விருப்பம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்கவும் என்று. மதிய இடைவேளையில் அதை மூன்று தடவை படித்திருந்தேன். அப்பா கேட்டதும் அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு மனையை அடமானம் வைத்துப் பணம் புரட்டலாம் என்பார். நான் வேண்டாம் என்பேன், அவர் விட மாட்டார். கடைசியில் நான் இன்னொரு கணக்குப் போட்டுவிடுவேன்.

"இல்லப்பா. நிறுத்திட்டாங்க" என்றேன்.

"அப்படியா" என்று எண்ணெயை வாங்கிக்கொண்டார். ஒரு பாதத்துக்குத் தேய்த்து முடித்துவிட்டு, அடுத்ததைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.